சுருட்டை முடியை அதன் போக்கில் விடுவது எப்படி

கோலாலம்பூரில் சுருட்டை முடியோடு பிறந்தவர்களுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. கல்யாண வீட்டில் பெரியம்மா "ஏம்மா, தலை சீவலையா?" என்பார், சலூனில் உட்கார்ந்த உடனேயே ரீபாண்டிங் (மருந்து போட்டு முடியை நிரந்தரமாக நேராக்குவது) விலைப்பட்டியல் கைக்கு வரும். சரி, இயல்பான முடியோடே இருந்துவிடலாம் என்று யூடியூப் பக்கம் போனால் அங்கே வேறு சட்டம்: ஷாம்பூவில் நுரை தரும் சல்பேட் கூடாது, முடியை வழவழப்பாக்கும் சிலிக்கோன் கூடாது, காய்ந்த முடியில் சீப்பே கூடாது, சுருளின் அளவை வைத்துப் பிரிக்கும் வகைகளில் உங்கள் முடி 2சி-யா 3ஏ-யா என்று முதலில் கண்டுபிடியுங்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான். உங்கள் தலையைத் தொட்டே பார்க்காதவர்கள் போடும் சட்டம்.

முதலில் நம்ம ஊர் காற்றைக் கணக்கில் எடுங்கள். இங்கேயும் சரி, பினாங்கிலும் சரி, ஈரப்பதம் வருஷம் முழுக்க 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். முடிக்கு வடிவம் தரும் ஹைட்ரஜன் பிணைப்புகள் ஈரம் பட்டால் அவிழ்ந்து, காய்ந்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். காலையில் அயர்ன் போட்டு நேராக்கிய முடி, எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து ஆபீசுக்கு நடப்பதற்குள் சுருள ஆரம்பிப்பது அதனால்தான். ரீபாண்டிங் கை வைப்பது இதைவிட உறுதியான டைசல்பைடு பிணைப்பில். மருந்து போட்டு அதை உடைத்து, நேராக இழுத்து, மறுபடி பூட்டுகிறார்கள். அந்த நீளம் பழையபடி சுருளாது, ஆனால் வேரிலிருந்து புதிதாக வருவது அது பாட்டுக்குச் சுருண்டே வரும்.

ஏற்கெனவே ரீபாண்டிங் செய்தவர்கள் பொறுமையாகத்தான் இருக்க வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும், ஆகவே தோள் வரை உள்ள முடி முழுக்க மாற இரண்டு, மூன்று வருஷம் பிடிக்கும். ஒரேயடியாக வெட்டிவிடு என்பார்கள். வெட்டலாம், தைப்பூசத்துக்கு மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். மனசு வரவில்லையென்றால் பின்னலும் கொண்டையுமாக ஓட்டிக்கொண்டு, நுனியை மட்டும் அவ்வப்போது வெட்டி வாருங்கள். சுருளும் நேரும் சேரும் இடம் சட்டென்று அறுந்துபோகும், அங்கே மட்டும் சீப்பை மெதுவாக ஓட்டுங்கள்.

தலைக்குக் குளிப்பது வாரம் ஒருமுறைதான் என்ற விதியை மறந்துவிடுங்கள். மோட்டார் ஓட்டி, ஹெல்மெட்டுக்குள் வேர்த்து, தலை அரித்தால் அலசத்தான் வேண்டும். ஷாம்பூ தலைத்தோலுக்கு, கண்டிஷனர் முடியின் நீளத்துக்கு. சிக்கெடுக்க நல்ல நேரம் கண்டிஷனர் போட்டு முடி வழுக்கும்போதுதான்: நான்கு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தின் நடுவைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நுனிச்சிக்கை விரலால் விடுவித்து, அப்புறம் பிடியைக் கொஞ்சம் மேலே ஏற்றி அங்கே உள்ளதை எடுத்து, இப்படியே வேர் வரை போனால் வலிக்காது. அகலப்பல் சீப்பு அதற்குப் பிறகு. ஈரத்தலையோடு ஹெல்மெட் போடாதீர்கள், வாடை வரும், அரிப்பும் கூடும்.

பாட்டி சொன்ன தேங்காய் எண்ணெய் விஷயத்தில் பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. அது முடிக்குள் இறங்கி, புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். குளிப்பதற்கு முன் முடியின் நீளத்தில் தடவினால் போதும். பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெய் வேண்டாம், பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு அது தீனி.

அடுத்து, சுருளைக் கலையாமல் பிடித்து வைக்கும் ஜெல். அதில் கிளிசரின் இருந்தால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் காற்றில் அது அளவுக்கு மீறிப் போய் முடி உப்பிவிடலாம். டப்பாவில் பொருட்களின் பட்டியலில் தொடக்கத்திலேயே கிளிசரின் இருந்தால் முதலில் சின்ன டப்பாவாக வாங்கிப் பாருங்கள். வீட்டிலேயே செய்வதென்றால் கால் கப் ஆளிவிதையை இரண்டு கப் தண்ணீரில் கிண்டிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது அடுப்பை அணைத்து, சூடு ஆறுவதற்குள் வடிகட்டுங்கள், ஆறினால் வடியவே வடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். சொட்டும் ஈரமுள்ள முடியில் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கசக்கி, காயும்வரை கை வைக்காமல் விடுங்கள். காய்ந்ததும் மொறுமொறுவென்று இருக்கும், பயப்பட வேண்டாம், உள்ளங்கையால் மறுபடி கசக்கினால் இளகிவிடும்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்றே தெரியாது. சிலிக்கோன் சீரம் உங்கள் முடிக்கு ஒத்துவந்தால் தாராளமாகப் போடுங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு ஒரு நாள் நேராக்கிக்கொள்ளத் தோன்றினாலும் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சலூனில் முடியை வழவழப்பாக்கச் செய்யும் கெரட்டின் சிகிச்சை என்றால் மட்டும், மருந்தில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ரசாயனம் இருக்கிறதா என்று கேளுங்கள், சூடு படும்போது அது ஆவியாகி வெளியே வரும். கண் எரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முடி வெட்டப் போகும்போது எப்போதும் போடும் மாதிரி சுருளோடு, காய்ந்த தலையோடு போங்கள். ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால் காய்ந்த பிறகு நினைத்ததைவிட ரொம்ப மேலே ஏறி நிற்கும். கேட்ட அளவில் பாதியை மட்டும் முதலில் வெட்டச் சொல்லிவிட்டு, கண்ணாடியில் பார்த்து மீதியை முடிவு செய்யுங்கள்.