செயற்கைக்கோள் படத்தில் முறைசாராக் குடியிருப்புகளைக் குறிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

ஒரு குடும்பம் சேரியில் வாழ்கிறதா என்று கணக்கிட ஐ.நா. வாழ்விட அமைப்பு ஐந்து குறைகளைப் பார்க்கிறது: நல்ல தண்ணீர், கழிப்பறை, போதுமான இடம், உறுதியான வீடு, வெளியேற்றப்படாமல் இருப்பதற்கான பாதுகாப்பு. இதில் தண்ணீரும் கழிப்பறையும் குடியிருக்கும் உரிமையும் எந்தப் படத்திலும் தெரியாது. மற்ற இரண்டைக்கூட ஓரளவுதான் ஊகிக்கலாம். அதனால் கணினியைத் திறப்பதற்கு முன்பே, எதைப் பார்த்தால் குறிப்போம் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

முதல் படி: வரையறை

படத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள். சிறிய கூரைகள், கூரைகளுக்கு நடுவே இடைவெளி இல்லாமை, வண்டி நுழைய முடியாத வளைந்த சந்துகள், ஒரே திசையில் நிற்காத வீடுகள், மரமின்மை. ஆற்றங்கரை, ரயில் பாதை ஓரம், செங்குத்தான சரிவு போன்ற இடங்கள். ‘இவற்றில் குறைந்தது மூன்று இருந்தால் குறிப்போம்’ என்று ஒரு வரம்பு வையுங்கள். இரண்டு பேர் ஒரே படத்தைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லைகள் பெரிதும் மாறினால் திருத்த வேண்டியது வரையறையைத்தான்.

இரண்டாம் படி: படம்

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கி இறக்கலாம். ஒவ்வொரு ஒளி அலைவரிசைக்கும் தனியாக வரும் படத்துக்குப் பட்டை என்று பெயர். அதன் 2, 3, 4, 8-ஆம் பட்டைகளில் ஒரு பிக்சல் 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். 4 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள வீடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் ஒரே பிக்சலுக்குள் நாலைந்து கூரைகளும் ஒரு சந்தும் அடங்கிவிடும். அதே வீடு, ஒரு பிக்சல் 50 சென்டிமீட்டர் உள்ள நுண்ணிய படத்தில் 80 பிக்சல். ஆகவே சென்டினலில் வீட்டைத் தேடாதீர்கள். அந்தப் பகுதியின் இழைநயத்தைத்தான், அதாவது பக்கத்துப் பிக்சல்களுக்குள் வெளிச்சம் மாறும் விதத்தைத்தான், தேட வேண்டும். நுண்ணிய படத்தைக் கண்ணால் பார்த்து மாதிரி வரையப் பயன்படுத்துங்கள்.

காற்று மண்டலத்தின் தாக்கம் நீக்கப்பட்ட 2ஏ நிலைப் படங்களில் மேகம் குறைந்த இரண்டு தேதிகளை எடுங்கள்: ஒன்று வறண்ட காலம், ஒன்று மழை முடிந்த பின். வறண்ட காலத்தில் வெற்று மண் கூரையைப் போலவே பளிச்சிடும். மழைக்குப் பின் அங்கே புல் முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கண்ணி இருக்கிறது: 2022 ஜனவரி 25 முதல் பதப்படுத்தி வெளியிடப்பட்ட படங்களில் (புதிதாகப் பதப்படுத்திய பழையவற்றிலும்) பிக்சல் மதிப்போடு 1000 கூட்டப்பட்டிருக்கும். இப்படிக் கூட்டியதையும் கூட்டாததையும் கலப்பதானால், கூட்டியதில் அதைக் கழித்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மாதிரி வரைதல்

கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திட்டத்தை உங்கள் பகுதிக்குரிய யூடிஎம் மண்டலத்தில் (மீட்டரில் அளக்கும் ஆயமுறை) வையுங்கள். பாகை அளவில் வைத்தால் பரப்பளவுக் கணக்கு கெடும். ஜியோபேக்கேஜ் வகைக் கோப்பில் லேயர் ஒன்றில் நான்கு வகைகள் போதும்: முறைசாராக் குடியிருப்பு, பிற கட்டடம், பசுமை, மண்ணும் நீரும். வகைக்கு 40 முதல் 50 பாலிகன் (மூடிய எல்லைக்கோட்டு வடிவம்) வரையுங்கள். எல்லைப் பிக்சலில் இரண்டு வகையும் கலந்திருக்கும். 10 மீட்டர் உள்ளே தள்ளியே கோடு போடுங்கள். பின்புலமாக வைத்த நுண்ணிய படமும் சென்டினலும் பொருந்துகின்றனவா என்று ஒரு பெரிய சாலைச் சந்திப்பில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

‘பிற கட்டடம்’ வகையில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கன்டெய்னர் கிடங்கு, தகரக் கொட்டகைத் தொழிற்பேட்டை, சந்தை, பழைய நகரின் நெருக்கமான தெருக்கள் எல்லாவற்றையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவிடுங்கள். இவை இல்லாமல் பயிற்சி கொடுத்தால் கணினி இவை அத்தனையையும் முறைசாராக் குடியிருப்பு என்றே சொல்லும்.

நான்காம் படி: இழைநயம்

ஆர்ஃபியோ டூல்பாக்ஸ் என்ற இலவசப் பட ஆய்வு மென்பொருளைத் தனியாக நிறுவிக் கியூஜிஐஎஸ்-உடன் இணைத்து, அதில் இழைநயத்தை அளக்கும் ஹாராலிக் கருவியை 4-ஆம் பட்டையில் ஓட்டுங்கள். ஆரம் 2 என்றால் 5×5 பிக்சல், அதாவது 50 மீட்டர் சன்னல். பலரும் சறுக்குவது இங்கேதான். கருவி பிக்சல் மதிப்புகளைச் சில பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கும்; அதற்குத் தானாக எடுத்துக்கொள்ளும் எல்லை 0 முதல் 255. சென்டினல் மதிப்புகளோ ஆயிரக்கணக்கில் இருக்கும். மாற்றாமல் ஓட்டினால் பிக்சல்கள் எல்லைக்கு வெளியே போய், ஊர் முழுக்க ஒரே சாம்பல் நிறமாக வரும். லேயரின் ஹிஸ்டோகிராமில் (எந்த மதிப்பு எத்தனை பிக்சலில் என்று காட்டும் படம்) 2 சதவீத, 98 சதவீத மதிப்புகளைப் பார்த்து அவற்றையே எல்லையாகக் கொடுங்கள். பெட்டிகள் 16 போதும். 25 பிக்சலை 64 பெட்டியில் போட்டால் பெரும்பாலானவை காலியாகவே கிடக்கும். வெளிவரும் எட்டு லேயர்களில் தொடக்கத்துக்கு என்ட்ரோபியும் (ஒழுங்கின்மை) இனெர்ஷியாவும் (பக்கத்துப் பிக்சல்களின் வேறுபாடு) போதும். அவற்றை நான்கு பட்டைகளோடு அடுக்கிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வகைப்படுத்தல்

ஆர்ஃபியோவில் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையை எடுங்கள்: பல முடிவு மரங்கள் வாக்களித்து வகையைச் சொல்லும் முறை. 200 மரங்கள் வையுங்கள். மரத்தின் ஆழம் தானாக 5 என்று இருக்கும்; 15 ஆக உயர்த்துங்கள். சோதனை மாதிரியைப் பயிற்சிப் பாலிகன்களிலிருந்தே எடுக்காதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுபோலவே இருப்பதால் மதிப்பெண் பொய்யாக ஏறிவிடும். நகரை 2 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, சில கட்டங்களை முழுதாகச் சோதனைக்கு ஒதுக்கி, அவற்றைத் தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

மொத்தத் துல்லியத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். நகரில் முறைசாராக் குடியிருப்பு 5 சதவீதம்தான் என்றால், ஒன்றைக்கூடக் குறிக்காத வரைபடம் 95 சதவீதம் சரி! முறைசாராக் குடியிருப்பு வகைக்கு மட்டும் இரண்டைப் பாருங்கள்: இருப்பதில் எத்தனை விட்டுப்போனது, குறித்ததில் எத்தனை தவறு.

ஆறாம் படி: துப்புரவும் களச் சோதனையும்

25 பிக்சலுக்கு, அதாவது கால் ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளைச் சல்லடைக் கருவியால் நீக்குங்கள். ஆனால் ரயில் பாதையோரம் 20 மீட்டர் அகலத்தில் ஓடும் வரிசை வீடுகள் துண்டுதுண்டாக வந்திருந்தால் அவையும் அதில் போய்விடும். போதாக்குறைக்கு 50 மீட்டர் சன்னலும் அவற்றை மங்கச் செய்திருக்கும். பாதை, வாய்க்கால் ஓரங்களை நுண்ணிய படத்தில் நடந்துபோவதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து, விட்டதைக் கையால் வரையுங்கள்.

பிறகு அந்தப் பகுதி மக்களிடம் அச்செடுத்த வரைபடத்தைக் காட்டுங்கள். எல்லை எங்கே தவறு, எது ஏற்கெனவே இடிக்கப்பட்டது என்று அவர்கள்தான் சொல்ல முடியும். துல்லியமான எல்லை, வெளியேற்ற வருபவர் கைக்கும் போகலாம். அங்கே வாழும் மக்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் பாலிகன்களைப் பொதுவில் வையுங்கள். இல்லையென்றால் 500 மீட்டர் கட்டத்துக்கு எவ்வளவு பரப்பு என்ற எண்ணிக்கையை மட்டும் வெளியிடுங்கள். படம் எடுத்த தேதியை வரைபடத்தின் மேலேயே பெரிதாக அச்சிடுங்கள்.