'நிப் இட் இன் தி பட்': எங்கே தடுக்குகிறது?

தண்டையார்பேட்டையில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலிஷ் சொல்லித் தருகிறேன். போன வாரம் இன்டர்வியூ பயிற்சியில் ஒரு தம்பி, லேட்டாக வரும் பழக்கம் தலைகாட்டியதுமே அதை நிறுத்திவிட்டதாகச் சொன்னான்: 'ஐ நிப்ட் இட் இன் தி பட்.' வாக்கியம் சரி, இடமும் சரி. கடைசிச் சொல்தான் வேறாக ஒலித்தது. அவன் சொல்ல வந்தது மொட்டு (bud). காதில் விழுந்தது பின்பக்கம் (butt).

அவன்மேல் தப்பில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் 'பட்'தான். ஆனால் 'பாட்டு' என்னும்போது வரும் ஒலி வேறு, 'பாடு' என்னும்போது வரும் ஒலி வேறு. மொட்டுக்கு வேண்டியது 'பாடு'வில் இருப்பது. அதைச் சொல்லி, கடைசி உகரத்தை மட்டும் விழுங்கச் சொன்னேன். தொண்டையில் விரல் வைத்துப் பத்துத் தடவை சொன்னதும் அதிர்வு பிடிபட்டுவிட்டது.

பொருள் நமக்குப் பழகியதுதான்: முளையிலேயே கிள்ளி எறிவது. 1607-ல் அச்சான ஓர் ஆங்கில நாடகத்திலேயே இந்த வழக்கு இருக்கிறது. 'மொட்டிலேயே கிள்ளினேன்' என்று மட்டும் தமிழாக்க வேண்டாம். 'மொட்டிலேயே கருகியது' என்று சின்ன வயதில் போன பிள்ளைக்காக அழுகிற மொழி நம்முடையது. அவர்களுக்கு மொட்டு, நமக்கு முளை.

நிறையப் பேர் சறுக்குவது இதை எந்தக் கட்டத்தில் சொல்வது என்பதில். பத்து வருஷமாகப் பீடி பிடித்தவர் விட்டுவிட்டால் அதற்கு இது பொருந்தாது, அது மரமாகிவிட்டதே! அவருக்கு 'கிக் தி ஹேபிட்' சரி. கூட்டத்திலிருந்து வேண்டாததைப் பொறுக்கி எடுப்பதென்றால் 'வீட் அவுட்', அதாவது களையெடுப்பது. முதல் தடவை பொய் சொன்னபோதே, முதல் சிகரெட்டிலேயே தடுத்தால்தான் 'நிப்'. நடுவில் வரும் 'தி'யையும் விழுங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று எனக்கு மனசு கேட்காத தவறு. காசிமேட்டிலிருந்து மகனோடு சேர்ந்து படிக்க வரும் ஒரு அக்கா, 'ஐ வான்ட் டு நிப் மை சன் இன் தி பட்' என்று எழுதியிருந்தார். பையன் இப்போதுதான் பொய் சொல்ல ஆரம்பித்திருக்கிறானாம். "அக்கா, இப்படி எழுதினா பையனையே கிள்ளிப் போடுற மாதிரி ஆயிடும். கிள்ள வேண்டியது பழக்கத்தை" என்றேன். பதறிப்போய் 'மை சன்' என்பதை அடித்தார். மேலே 'ஹிஸ் லையிங்' என்று எழுதி, ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். கடைசியில் 'பாடு'வின் ஒலி சுத்தமாக விழுந்தது.