சுவருக்கு வெண்டைக்காய் ஆகாது

அங்கன்வாடிச் சுவரில் பிள்ளைகளை வைத்துப் படம் போடலாம் என்று யார் ஆரம்பித்தாலும் கடைசியில் நடப்பது இதுதான்: வரையத் தெரிந்த நாலு பேர் மயிலும் தேசியக்கொடியும் வரைவார்கள், மீதிப் பிள்ளைகள் தண்ணீர் வாளி தூக்குவார்கள். அதனால் நான் வரையச் சொல்வதையே விட்டுவிட்டேன். ஆளுக்கு ஒரு அச்சு, அதைச் சாயத்தில் ஒற்றி வரிசையாக வைக்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் விதி. அச்சு வைக்கத் தெரியாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதல் நாள் சுவர்ப் பக்கமே போகாதீர்கள். பழைய செய்தித்தாளை விரித்து வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, வாழைமட்டை என்று வீட்டில் இருப்பதை நறுக்கிக் கொடுங்கள். உருளையை வெட்டியதும் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் தண்ணீர் சாயத்தில் கலந்து அச்சு மங்கிவிடும். வெண்டைக்காய் பெரும்பாலும் ஐந்து மூலையோடு விழும். அந்த ஐந்து மூலையை, பக்கமும் கோணமும் சமமாக இருக்கும்படி, அட்டையில் பெரிதாக வெட்டி, இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லுங்கள். குடியாத்தம் பக்கம் ஒரு பொடியன் கால் மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துவிட்டு, "இன்னாக்கா இது, எப்டி வச்சாலும் நடுவுல சந்து உழுது?" என்றான். அப்போதுதான் அதே மாதிரி சமமான ஆறு மூலை அட்டையைக் கையில் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் கொடுத்தால் ருசி போய்விடும். ஆறு மூலையின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை, மூன்று சேர்ந்தால் 360, வட்டம் நிரம்பிவிடும்; ஐந்து மூலைக்கு 108 பாகைதான், மூன்று வைத்தால் 324, மீதி 36 பாகைதான் அந்தச் சந்து. இந்தக் கணக்கு பெரிய பிள்ளைகளுக்கு. சின்னதுகளுக்குச் சந்து விழுவதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

காய்கறி அச்சு காகிதத்தோடு சரி. பூசிய சுவர் சொரசொரப்பாக இருக்கும், உருளைக்கிழங்கு நாலு தடவையில் நசுங்கிவிடும், வெறும் மரக்கட்டை வைத்தால் அங்கங்கே பட்டும் படாமலும் விழும். நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல பொருள் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் செருப்பு, ஷூ வேலை செய்கிறவர்கள் யாரையாவது தெரிந்தால் சோல் வெட்டிய ஃபோம் மிச்சத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஃபோம் அழுத்தினால் அமுங்கும், சுவரின் மேடு பள்ளத்தில் இறங்கும், கத்தரியால் வெட்டலாம். அதை ஒரு மரத்துண்டில் ஒட்டி, மேல்பக்கம் எது என்று பின்னால் ஒரு அம்புக்குறி போடுங்கள். ஒட்டுகிற பசை நெடி தாங்காது, அதைப் பெரியவர்களே காற்றோட்டமான இடத்தில் செய்துவிடுங்கள்.

சுவர் விஷயத்தில் நான் ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். கார்த்திகை மழை நின்ற ஜோரில் பிரைமர் அடித்தோம், பொங்கலுக்குள் ஓதம் ஏறிப் பாதி பொரிந்து உதிர்ந்தது. இப்போதெல்லாம் ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்கிறேன். உள்பக்கம் நீர் கோத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். மலையாம்பட்டு ஆர்மாமலைக் குகையில் 8-ஆம் நூற்றாண்டுச் சமண ஓவியங்களின் மிச்சம் இன்னும் இருக்கிறது. நமக்கு அவ்வளவு ஆசை வேண்டாம், அடுத்த மழையைத் தாண்டினால் போதும். தை, மாசி நல்ல காலம். சித்திரை வெயிலில் ஆரம்பித்தால் அச்சிலேயே பெயிண்ட் காய்ந்துவிடும், வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா என்ன.

வெளிச்சுவருக்கான எமல்ஷன் வெள்ளை வாங்கி, ஸ்டெய்னர் என்கிற நிறச் சாயத்தைக் கலந்துகொள்ளுங்கள். அடர்ந்த நிறம் வேண்டும் என்று ஸ்டெய்னரை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள், காய்ந்த பிறகும் கையில் ஒட்டும். அடர்நிறத்தைத் தனியாக வாங்கிவிடுவது மேல். எனாமலும் தின்னரும் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு வேண்டாம்.

இனி அச்சு வைக்கிற இடத்துக்குப் புள்ளி. கொத்தனார் மாதிரி நூலில் சாக்பீஸ் தூள் தடவி, இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க மூன்றாவது ஆள் சுண்டினால் நேர்கோடு விழும். குறுக்கும் நெடுக்கும் அடித்தால் கோடுகள் வெட்டும் இடமெல்லாம் நேர்ப்புள்ளி. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பாதி தள்ளி வைத்தால் இடைப்புள்ளி, செங்கல் கட்டு மாதிரி. இந்த இடத்தில் தெருவில் கோலம் போடுகிற ஆயா யாரையாவது கூப்பிட்டு நிற்க வையுங்கள், எந்த டீச்சரையும் விட அவர் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார். தரையிலிருந்து ஒரு அடி விட்டுவிடுங்கள், மழையில் சேறு தெறிக்கும். அதற்கு மேல் மூன்றரை அடி வரைக்கும் பிள்ளைகள் ராஜ்ஜியம்.

இனி புள்ளியில் எந்த வரிசையில் அச்சு வைப்பது என்பது. நாலைந்து வயதுக்குச் சதுரம், வட்டம், சதுரம், வட்டம். ஏழெட்டு வயதுக்கு ஒவ்வொரு புள்ளியிலும் அச்சைக் கால் சுற்று திருப்புவது, அம்புக்குறி அதற்குத்தான். பெரிய பிள்ளைகளுக்குப் பட்டுப்புடவை மாங்காய் கொடுங்கள். இரண்டு மாங்காயும் நிமிர்ந்தபடியே எதிரெதிரே முகம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். எவ்வளவு திருப்பினாலும் வராது, கண்ணாடியில் தெரிகிற மாதிரி இன்னொரு அச்சு வெட்ட வேண்டும் என்று அவர்களே வந்து சொல்வார்கள்.

பெயிண்டில் அச்சை முக்கக் கூடாது. தட்டில் ஸ்பாஞ்சு வைத்து அதில் ஊறவிட்டு ஒற்றி எடுக்க வேண்டும். முதல் அச்சு செய்தித்தாளில், அப்புறம் சுவரில். மூன்று எண்ணும்வரை அழுத்தி நேராக எடுக்க வேண்டும், இழுத்தால் வால் விழும். வரிசை தப்பினால் நீங்கள் ஓடிப்போய்த் துடைக்காதீர்கள். எங்கே தப்பியது என்று அந்தப் பிள்ளையே விரல் வைத்துக் காட்டட்டும், திருத்துவதா விடுவதா என்பதும் அவர்கள் பாடு.

வேலை முடிந்ததும் அச்சுகளை உடனே கழுவிவிடுங்கள், ஃபோமில் எமல்ஷன் காய்ந்தால் பிறகு வராது. கழுவிய அச்சுகளையும் மிச்ச பெயிண்டையும் அங்கன்வாடியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், மழைக்குப் பிறகு உதிர்ந்த இடத்தில் வைக்கத் தேவைப்படும்.