எச்ச உறுப்பு என்றால் வேண்டாத உறுப்பா?

உள்ளங்கை மேலே தெரியும்படி கையை வைத்து, கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறுபோல ஒரு நாண் புடைத்துக்கொண்டு நிற்கிறதா? பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. தெரியவில்லையா, கவலை வேண்டாம். பலருக்கு ஒரு கையிலோ இரண்டு கையிலுமோ அந்தத் தசையே கிடையாது. அதனால் அவர்கள் பிடி தளர்ந்துவிடுவதும் இல்லை. வேறு இடத்தில் அறுந்துபோன நாணுக்கு ஒட்டுப்போட அறுவை மருத்துவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

இப்படி, முன்னோர் உயிரினங்களிடம் முக்கியமான வேலை பார்த்து, நம்மிடம் அதை இழந்து மிஞ்சியிருப்பவற்றை எச்ச உறுப்புகள் என்று சொல்கிறோம்; பரிணாமத்துக்குச் சான்றாகவும் காட்டுகிறோம். சொன்னதுமே பலர் செய்கிற தவறு, "அப்படியென்றால் எதற்கும் உதவாதது" என்று முடிவுகட்டுவது. குடல்வாலில் நோய் எதிர்ப்புக்கான நிணநீர்த் திசு நிறைய இருக்கிறது. வால் எலும்பில் இடுப்புத்தளத் தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உடனே பரிணாமத்தை ஏற்காத எதிர்த்தரப்பு, "பார்த்தீர்களா, வேலை இருக்கிறது, பரிணாமம் பொய்" என்று கிளம்பிவிடும். இரண்டு பேரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். எச்சம் என்பது பழைய முதன்மை வேலையை இழந்தது என்று மட்டுமே பொருள். வால் எலும்பு என்ன வேலை செய்தாலும் வாலாக இல்லை, அவ்வளவுதான். இரண்டு வேலை பார்த்த உறுப்பு, முக்கியமான வேலையை இழந்தும் மற்றதை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கலாம் என்று டார்வினே 1859-இல் எழுதிவிட்டார். இன்னும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்!

"பயன்படுத்தாததால் தேய்ந்துபோனது" என்பதும் வழுக்கலான பேச்சு. குடல்வாலை வெட்டி எடுத்தவருக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் குடல்வால் இருக்கத்தான் செய்யும். ஆகஸ்ட் வைஸ்மான் என்ற ஜெர்மன் உயிரியலாளர் தலைமுறை தலைமுறையாக எலிகளின் வாலை வெட்டிப் பார்த்தார். குட்டிகள் வாலோடுதான் பிறந்தன. ஒரு உறுப்பின் தேவை குறைந்தபின், அதைச் சிறிதாக்கும் மரபணு மாற்றங்கள் தற்செயலாக வரும்போது இயற்கைத் தேர்வு அவற்றைக் களைவதில்லை. சில சமயம் சிறிதாக இருப்பதே லாபமாகவும் அமையும்.

அப்புறம், புரியாததையெல்லாம் எச்சம் என்று சொல்லிவிடக் கூடாது. ஆண்களின் முலைக்காம்பு எச்சமல்ல. கருவில் ஆண், பெண் என்று உடல் பிரியும் முன்பே அது உருவாகத் தொடங்கிவிடுகிறது.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது, ஒற்றை உறுப்பைக் காட்டியே வாதத்தை முடிப்பது. ஒப்பிட்டால்தான் சான்றுக்கு வலு. பூனை பயந்தால் முடி சிலிர்த்து உருவம் பெரிதாகிறது; நமக்கு அதே தசைகள் இழுக்கின்றன, ஆனால் தூக்கி நிறுத்தத் தடித்த ரோமம் இல்லை, புல்லரிப்பு மட்டும் மிச்சம். உறுப்போடு நிற்காமல் மரபணுவையும் பாருங்கள். பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தங்கள் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அதற்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, உடைந்த நிலையில். சிம்பன்சியிடமும் அது உடைந்திருக்கிறது, நமக்கு உடைந்த மாதிரியே. கினிப்பன்றியிடமும் உடைந்துதான் கிடக்கிறது, ஆனால் அது வேறு விதமான உடைசல். நம் உடைசலும் சிம்பன்சியின் உடைசலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை, கினிப்பன்றியுடையது தனியாக நேர்ந்தது என்பதைத்தான் இந்த ஒப்பீடு காட்டுகிறது.