ஓர் ஆண்டின் வாசிப்பைக் கணக்குப் பார்ப்பது எப்படி?

மார்கழி பிறந்ததும், அந்த ஆண்டில் படித்தவற்றுள் மனத்துக்குப் பிடித்த நூல்களைப் பட்டியலிட வேண்டும் என்ற ஆசை வாசகர் பலருக்கும் வந்துவிடுகிறது. நினைவை மட்டும் நம்பி எழுதினால், ஐப்பசி மழையில் படித்தவை முன்வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். மாசியில் படித்த நல்ல நாவல் ஒன்று சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும். ஆகவே தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் திரட்டுகிற வேலை இருக்கிறது. தை பிறந்து சம்பா அறுவடை மும்முரமாகிவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் யாருக்கும் கை ஓயாது என்பதால், இதைப் போகிக்கு முன்பே முடித்துவிடுவது உத்தமம். பழைய தாள்களோடு சேர்த்துத் தூக்கிப் போடப்படவிருக்கும் ரசீதுகளும் அதனால் தப்பும்.

கிளை நூலகத்தில் எடுத்த நூல்கள் எவை என்று நினைவில்லாவிட்டால் நூலகரிடம் கேட்டுப் பார்க்கலாம். புத்தகக் கண்காட்சி ரசீதுகள், கைப்பேசியிலுள்ள மின்னூல் செயலி, நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய பக்கப் படங்கள் ஆகியவற்றையும் புரட்ட வேண்டும். பக்க அடையாளமாகச் செருகிய பஸ் டிக்கெட் இவை எல்லாவற்றையும்விட நம்பகமான சாட்சி: கும்பகோணத்திலிருந்து மன்னார்குடிக்குப் போன டிக்கெட் 112ஆம் பக்கத்தில் இருந்தால், என்று படித்தோம் என்பதோடு எங்கே நிறுத்தினோம் என்பதும் தெரிந்துவிடும். இயந்திரத்தில் அச்சடித்த டிக்கெட்டின் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடுகிறது. கண்டவுடன் தேதியை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தேடல் அடுத்த ஆண்டு வேண்டாம் என்றால், வாங்கிய அன்றே முதல் பக்கத்தில் பெயரையும் நாளையும் ஊரையும் எழுதிவிடலாம். இரண்டாம் சரபோஜி மன்னர் தாம் சேர்த்த நூல்களில் கையொப்பமிட்டு வைத்த வழக்கத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ள பிரதிகளில் காணலாம்.

திரட்டி முடித்ததும் எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்துவிடக் கூடாது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது, தாம் படித்த அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று நூல்களை அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கிய உழைப்பு 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக வெளிவந்தது. நம் பட்டியலுக்கும் இப்படி ஒரு முன்சீப் வேண்டும். படித்தவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில், படிக்க நினைத்துத் தொடாதவற்றையும் பாதியில் விட்டவற்றையும், விட்ட பக்க எண்ணோடு எழுதுங்கள். கண்டுமுதல் என்பது நட்ட பரப்பன்று, களத்துக்கு வந்து சேர்ந்த நெல். வாசிப்புக்கும் அதே கணக்குதான்.

களத்துக்கு வந்தது எது என்று அறிய, நூலைத் திறக்காமலேயே அதைப் பற்றி மூன்று வரி எழுதிப் பாருங்கள். பின்னட்டை வாசகமும் யாரோ எழுதிய மதிப்புரையும் மட்டும் நினைவுக்கு வந்தால் அந்த நூலை ஒதுக்கிவிடலாம். ஒரு காட்சியோ வாதமோ தானாக எழுந்து வந்தால், நூலைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் படித்துவிட்டுக் குறிப்பு எழுதவும். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கான குறிப்பு இப்படி அமையலாம்: “ஆவணியில், மயிலாடுதுறை ரயிலில் தொடங்கியது. நான்காம் கதையில் பாட்டி முறத்தை நிறுத்தாமலேயே மகனின் கடனைப் பற்றிக் கேட்கும் இடம் அப்படியே நிற்கிறது. கடைசிக் கதை இல்லாமலிருந்தாலும் குறைவில்லை.” ‘அருமை’, ‘கட்டாயம் படிக்க வேண்டியது’ போன்ற சொற்களைவிட இது பயன்படும். மொழிபெயர்ப்பு நூலாயின் மொழிபெயர்ப்பாளர் பெயரை விடாதீர்கள். மறுவாசிப்புகளைத் தனியே வையுங்கள். இல்லையேல் பழைய காதல்கள் புதியவற்றை உள்ளே விடமாட்டா.

காவிரிக் கரை வாசகருக்கென்றே ஒரு சோதனை உண்டு. கு.ப.ரா., தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம் போன்றோர் எழுதிய மண்ணில் இருந்துகொண்டு, கதையில் கும்பகோணத்துத் தெருவோ அரசலாற்றுப் படித்துறையோ வந்துவிட்டால் நாம் தாராளமாக மதிப்பெண் போட்டுவிடுகிறோம். ஊர்ப்பெயர்களை அழித்துவிட்டு, ஆற்றை முன்பின் தெரியாத வேறோர் ஆறாக நினைத்து ஓர் அத்தியாயத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். நல்ல எழுத்து அப்போதும் நிற்கும்; ஊர்ப்பாசத்தில் நின்ற எழுத்து அங்கேயே சரிந்துவிடும். நண்பர்கள் எழுதிய நூல்களுக்கும் இதே கண்டிப்பு தேவை, செய்வதுதான் கடினம்.

எத்தனை நூல்களை எடுப்பது? பத்து என்பது பத்திரிகைகள் வைத்த கணக்கு. நான்கு தேறினால் நான்கு போதும். வரிசை எண் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. கவிதைத் தொகுப்பையும் நீர்ப்பாசன வரலாற்றையும் எந்தத் தராசில் நிறுப்பது?

ஒவ்வொரு நூலின் எதிரிலும், அதை அடுத்துப் படிக்க வேண்டியவர் பெயரை எழுதுங்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பதும் ஒன்று. விவசாயத்தை விட்டுவிடலாமா என்று யோசிக்கும் தம்பிக்கு எது, ஓய்வு பெற்ற சித்தப்பாவுக்கு எது என்று தீர்மானித்தபின், அறுவடைக்கு முன்னரே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கொடுத்த நாளைப் புது நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளவும். கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.