முதல் தடவை காசிக்குப் போகிறீர்களா? வீட்டிலிருந்து கங்கை வரை, படிப்படியாக

காசிக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். கங்கை ஸ்நானம், பித்ரு காரியம், விஸ்வநாதர் தரிசனம், மாலை ஆரத்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்தால் வரிசையில் நின்றது மட்டும்தான் மனத்தில் தங்கும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல காலம். அதிலும் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முடிய மூடுபனி. ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். ஒரு ரயிலில் இறங்கி அன்றே இன்னொன்றைப் பிடிப்பது போலப் பயணத்தை அமைக்காதீர்கள். ஏப்ரலுக்குப் பிறகு வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கங்கை ஏறிப் படித்துறைகளை மூழ்கடிக்கும், படகுகளை நிறுத்திவிடுவார்கள். நம் ஆடி மாதத்தை ஒட்டி அங்கே சாவன் மாதம் வரும். அதன் திங்கட்கிழமைகளில் கூட்டம் தாங்காது. தங்க அன்னபூரணியைத் தரிசிக்க வேண்டுமென்றால் தீபாவளியை ஒட்டிய சில நாட்கள்தான், அறையை மிக முன்பே பிடிக்க வேண்டும்.

2. ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்

பித்ரு காரியம் செய்கிறவர்களுக்கு இதுதான் முக்கியமான ஏற்பாடு. கோத்திரம், அப்பா வழியில் மூன்று தலைமுறை ஆண்கள், பெண்கள் பெயர், அம்மா வழியில் அதே போல மூன்று தலைமுறை, பிறகு காலமான சித்தப்பா, அத்தை, நண்பர்கள் என வரிசையாக எழுதி எடுத்துப் போங்கள். படித்துறையில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, சாஸ்திரிகள் கேட்கும்போது கொள்ளுப்பாட்டி பெயருக்காக ஊருக்குப் போன் செய்கிறவர்கள் நிறைய. பெயர் தெரியாவிட்டால் மந்திரத்தில் அதற்கும் வழி உண்டு. ஊகித்து எதையும் எழுதாதீர்கள்.

3. இறங்குவதும் தங்குவதும்

வாராணசி ஜங்ஷன், பனாரஸ் என்று ஊருக்குள் இரண்டு முக்கிய ரயில் நிலையங்கள். பழைய முகல்சராய், இப்போதைய தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன், கங்கைக்கு அக்கரையில் இருக்கிறது. சில ரயில்கள் அங்கே மட்டுமே நிற்கும். டிக்கெட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தமிழர்களுக்கு ஹனுமான் காட், கேதார் காட் பக்கம் தங்குவது வசதி ('காட்' என்றால் படித்துறை). தமிழ் பேசும் சாஸ்திரிகள், நம் சாப்பாடு, பாரதியார் வாழ்ந்த வீடு, குமரகுருபரர் நிறுவிய மடம் எல்லாம் இந்தப் பகுதியில்தான். கோதௌலியா பக்கம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. எங்கே தங்கினாலும் ஆட்டோ வாசல் வரை வராது, கடைசிப் பகுதி சந்துகளில் நடைதான். அதனால் சக்கரப் பெட்டியைவிடத் தோளில் மாட்டும் பை நல்லது.

4. ஸ்நானம்

காசியில் கங்கை வடக்கு நோக்கி ஓடுகிறாள். படித்துறைகள் மேற்குக் கரையில் இருப்பதால், தண்ணீரில் இறங்கினால் நேர் எதிரே சூரியன் உதிப்பார். விடியும் நேரத்தில் போங்கள்.

மேல் படிகள் உலர்ந்திருக்கும். தண்ணீர் தொடும் படியிலும் அதற்குக் கீழுள்ள இரண்டு மூன்று படிகளிலும் வழவழவென்று பாசி; வழுக்கி விழுவது அங்கேதான். பக்கவாட்டாகத் திரும்பி, காலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, பிறகு எடையைப் போடுங்கள். சங்கிலி இருக்கும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். படிகள் எங்கே முடிகின்றன என்று மேலிருந்து தெரியாது, அதற்கப்பால் சட்டென ஆழம். இடுப்பளவு போதும். சங்கல்பம் சொல்லி மூன்று முழுக்கு. சோப்பும் ஷாம்பூவும் அவளுக்குள் வேண்டாம். பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அசி, தசாஸ்வமேதம், மணிகர்ணிகை, பஞ்சகங்கை, வருணை ஆகிய ஐந்து இடங்களில் பிண்டம் போடும் பஞ்ச தீர்த்த சிராத்தத்தைப் படகில் போய்ச் செய்வார்கள். அரை நாள் பிடிக்கும். படகு, சாமான், தட்சிணை, சாப்பாடு இவற்றில் எது சொன்ன தொகைக்குள் அடங்கும், எது தனி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். காரியம் முடிந்த பிறகு வரும் மனத்தாங்கல் எல்லாம் இதைக் கேட்காமல் விட்டதால் வருவது.

5. விஸ்வநாதர்

செல்போன், ஸ்மார்ட் வாட்ச், பேனா, பை, தோல் பெல்ட் எதுவும் உள்ளே போகாது. அறையிலேயே வைத்துவிட்டு, ஆதார் அட்டையும் கொஞ்சம் பணமும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் 'லாக்கர் இலவசம்' என்றால் அர்ச்சனைத் தட்டு வாங்கச் சொல்வார்கள். விலையைக் கேட்ட பிறகு பொருளைக் கொடுங்கள்.

2021 டிசம்பரில் திறந்த புது வளாகத்தில் கங்கைக் கரையிலிருந்தே நேராக ஏறி வரலாம். இப்போதுள்ள கோயில் அகல்யாபாய் ஹோல்கர் 1780-ல் கட்டியது. கருவறைக்கு நான்கு வாசல். நம் ஊர்ப் பழக்கத்தில் கண் மட்டத்தில் சுவாமியைத் தேடினால் தவறவிடுவீர்கள்: லிங்கம் சிறியது, தரைமட்டத்தில், வெள்ளித் தகடு வேய்ந்த சதுரத் தொட்டிக்குள், கருவறையின் ஒரு மூலையில் இருக்கிறது. வாசலை அடையும் முன்பே பார்வையைக் கீழே இறக்குங்கள். கிடைக்கும் நேரம் சில நொடிகள்தான்.

வெளியே வந்ததும் பக்கத்தில் அன்னபூரணி. மீர் காட் அருகே விசாலாட்சி. நகரத்தார் பராமரிப்பில் நம் ஊர்க் கோபுரத்தோடு இருக்கிறது. மூலவருக்குப் பின்னால் சிறியதாகப் பழைய அம்மன் இருக்கிறாள், அர்ச்சகரிடம் கேட்டுப் பாருங்கள். கால பைரவர் கோயில் சற்று வடக்கே, மைதாகின் வரை ஆட்டோவில் போய் நடக்கலாம். காசிக் கயிறு அங்கே வாங்குவதுதான் முறை.

6. மாலையும் படகும்

தசாஸ்வமேத காட் ஆரத்தி சூரியன் மறைந்ததும் தொடங்கி ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடக்கும். ஒரு மணி நேரம் முன்பே போனால்தான் படியில் இடம். படகுக்காரர் சொல்லும் விலை ஆளுக்கா, படகுக்கா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மணிகர்ணிகையில் சிதைகளைப் படம் எடுக்கக் கூடாது. விறகுக்கு நன்கொடை என்று அணுகுகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

7. தீர்த்தம்

நம் வழக்கப்படி ராமேஸ்வரத்துக்கான கங்கை நீரைப் பிரயாகையில், திரிவேணி சங்கமத்தில் எடுப்பார்கள். காசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ஒரு நாளை இதற்கென்றே வையுங்கள். படகு நடு ஆற்றுக்குப் போனதும் வெளிர் கங்கையும் கரும்பச்சை யமுனையும் சேரும் கோடு தெரியும், அங்கே நிரப்புங்கள். பிளாஸ்டிக் கேன் வேண்டாம்: ராமேஸ்வரத்தில் அபிஷேகத்துக்குச் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில் கொண்டுவரும் நீரைத்தான் ஏற்பார்கள், தகரத்தையும் இரும்பையும் ஏற்பதில்லை. மூடி பற்றவைத்த செம்பு என்றால் வாங்கிய இடத்திலேயே தலைகீழாகப் பிடித்து, கசிகிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.