பன்றித் தீவனம்: எரிசக்திக் கணக்கு பிசகும் இடங்கள்

மொத்தக் கலோரியை மட்டும் பார்த்துத் தீவனம் கலப்பதுதான் அடிப்படைத் தவறு. அதில் ஒரு பங்கு சாணத்தோடு போய்விடும். ஒரு பங்கு சிறுநீரிலும் குடல் வாயுவிலும் போகும், இன்னொரு பங்கு உடல் வெப்பமாக வெளியேறும். மிஞ்சும் நிகர எரிசக்திதான் உயிரைத் தாங்கவும் எடை ஏற்றவும் பயன்படுகிறது.

மக்காச்சோளத்தையும் சோயாப் புண்ணாக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிலோவுக்குச் செரிக்கும் எரிசக்தி (சாணத்தில் போனது போக மிஞ்சுவது) சோளத்தில் சுமார் 3,450 கிலோகலோரி, சோயாவில் சுமார் 3,600. நிகர எரிசக்தி என்று வந்தால் சோளம் 2,670 அளவில் நிற்கிறது, சோயா 2,090க்கு இறங்கிவிடுகிறது. தேவைக்கு மிஞ்சிய புரதத்தை உடல் புரதமாகச் சேர்த்துவைக்காது. அதன் நைட்ரஜனை யூரியாவாக்கி வெளியேற்றும், அந்த வேலைக்கே எரிசக்தி செலவாகி வெப்பமும் கூடும். பன்றிக்கு வேர்வை அநேகமாகக் கிடையாது. அதனால் வெயில் காலத்தில் அந்த வெப்பத்தைத் தாங்காமல் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அப்போது புண்ணாக்கைக் கூட்டாதீர்கள். கொஞ்சம் குறைத்து, தூள் லைசினால் (புரதத்தின் அங்கமான ஓர் அமினோ அமிலம்) ஈடுகட்டி, சிறிது எண்ணெய் சேருங்கள்.

எண்ணெய் சேர்ப்பதிலும் ஒரு பிசகு நடக்கிறது. எரிசக்தி கூடினால் பன்றி தின்னும் அளவு குறையும், கூடவே லைசினும் குறைவாகவே உள்ளே போகும். விளைவு, கறி ஏறாமல் கொழுப்பு ஏறும். லைசினை எப்போதும் 1,000 கிலோகலோரிக்கு இத்தனை கிராம் என்றுதான் கணக்கிட வேண்டும்.

சிக்கனம் என்று தீனியை அளவுக்கு மீறிக் குறைப்பதும் நஷ்டம்தான். 60 கிலோ பன்றி உயிர்வாழ மட்டும் நாளைக்குச் சுமார் 2,300 கிலோகலோரி வேண்டும். கிலோவுக்கு 3,300 கிலோகலோரி வளர்சிதை எரிசக்தி (சாணம், சிறுநீர், வாயு இழப்பு போக மிஞ்சுவது) உள்ள தீவனமானால் அதற்கே 700 கிராம் போய்விடும், அதற்கு மேல் தின்பதுதான் வளர்ச்சி. குளிரில் இந்த அடிப்படைச் செலவு இன்னும் ஏறும்.

தவிடு போன்ற நார்ப்பொருளைத் தாய்ப்பன்றியின் பெருங்குடல் ஓரளவு பயன்படுத்திக்கொள்ளும். பால்குடி மறந்த குட்டிக்கு அது வயிற்றை நிரப்பும் சுமை.

அரவையைப் பலரும் கவனிப்பதில்லை. சோளத் துகள் சராசரி 600 முதல் 700 மைக்ரான் இருக்க வேண்டும். சாணத்தை நசுக்கிப் பார்க்கும்போது மஞ்சள் துணுக்குகள் தெரிந்தால் அரவை பருமன். அரைவை இயந்திரத்தின் சுத்தியும் சல்லடையும் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மாவாக அரைத்துவிடவும் கூடாது, இரைப்பையில் புண் வரும்.